ஆணி திரும்பிய பக்கம்

நான் வீட்டில் சத்தம் போட்டுக் கதைக்கிறவன் இல்லை. இதை என் மனைவி மர்ளியாவே உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் மீது நான் கை ஓங்கியதில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று கோப்பையைத் தள்ளி வைத்ததும் இல்லை. அப்படிப்பட்டவனை விட்டுப் பிரிய வேண்டுமென்று ஒரு பெண் வந்து நின்றால், விவாக வழக்கைத் தீர்க்கிற காழியார் என்ற முறையில் நீங்கள் காரணம் கேட்கத்தான் வேண்டும். அவள் பாதியோடு நிறுத்திவிட்டு அழுதாள் என்கிறீர்கள். மீதியை நான் சொல்கிறேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நான் கற்பிட்டியில் பல் கட்டும் வேலை செய்கிறவன். பல் வைத்தியர்கள் வாயின் அளவை எடுத்து அனுப்புவார்கள், நான் செயற்கைப் பல்வரிசையைச் செய்து மெருகேற்றிக் கொடுப்பேன். சின்னச் சாமான்களோடு பழகிய கை. நாற்பது வயது தாண்டும்வரை கல்யாணம் செய்யவில்லை. மர்ளியாவின் வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டு வந்தபோது, அவளுக்கு நஸ்ஹா என்று ஒரு மகள் இருப்பதையும் சொன்னார்கள். எனக்கு அது பாரமாகத் தோன்றவில்லை. பிள்ளையோடு ஒரு வீடு கிடைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நஸ்ஹாவின் வாப்பா நஜாத் உயிரோடு இருந்தான். கண்டக்குழியில் கடலட்டை பிடிக்கக் கடலின் ஆழத்துக்குச் சுழியோடியவன். ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மர்ளியா நாலைந்து வருடம் அவனைப் பார்த்தாள். பிறகு அவனே, “எனக்காக நீ ஒன்ட வாழ்க்கைய அழிச்சிக்கொள்ளத் தேவல்ல” என்று சொல்லித் தலாக் கொடுத்து அனுப்பினான். அதற்குப் பிறகு அவனுடைய மூத்த சகோதரி ஹஃபீலா ராத்தாதான் அவனை வைத்துப் பார்த்தார். நஸ்ஹா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போவாள். நான்தான் என் வேனில் கொண்டுபோய் விடுவேன். எனக்கு அவன்மீது எந்தக் கோபமும் இருக்கவில்லை. சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போன நாட்களில் என் முதுகில்தான் தூக்கி இறக்கினேன். படுக்கைப் புண் வராமல் இருக்கத் தண்ணீர் மெத்தை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஹஃபீலா ராத்தாவிடம் கேளுங்கள், இல்லையென்று சொல்லமாட்டார்.

கட்டைக்கார் ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றை நிலுக்சன் என்ற தம்பி நடத்துகிறார். கனடாவில் சில காலம் இருந்தவர். அங்கே சாரணர் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து, ஊர்ப் பிள்ளைகளுக்கும் வருடத்துக்கொரு தடவை வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைன் மரத்துண்டு, நாலு பிளாஸ்டிக் சில்லு, நாலு ஆணி. அதைக்கொண்டு கைக்குள் அடங்கும் ஒரு கார் செய்ய வேண்டும். பெரியவர்கள் உதவலாம். காருக்குள் இயந்திரம் கிடையாது. நடுவில் நீளமாகக் கட்டை பதித்த சரிவான பலகைப் பாதையின் உச்சியிலிருந்து விட்டால் தன் பாரத்திலேயே உருண்டு வரும். எது முதலில் கீழே வருகிறதோ அதற்குக் கிண்ணம்.

பார்க்கிறவர்கள் மரத்தைச் செதுக்கிய அழகைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் காரின் உயிர் ஆணியில் இருக்கிறது. ஆணிதான் அச்சு. கடையிலிருந்து வரும்போது அதன் தலைக்கு அடியில் பிசிறு இருக்கும்; அது சில்லைப் பிடித்து இழுக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்து, கண்ணாடி போல மெருகேற்றி, பென்சில் கரித் தூளைப் பூச வேண்டும். பிறகு முன் ஆணி ஒன்றை மயிரிழை வளைக்க வேண்டும். வளைந்த ஆணியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்றபடி சில்லு முகம் திரும்பும். சரியாகத் திருப்பினால் கார் நூல் பிடித்த மாதிரி ஓடும். பிழையாகத் திருப்பினால் பாதையின் நடுக்கட்டையில் உரசி உரசி வேகத்தை இழக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் வருடம் நஸ்ஹாவின் காரை நஜாத் செதுக்கினான். அதற்காக அவன் எழுந்து உட்கார்ந்தான். இது சின்ன விஷயமில்லை. அதுவரை ஹஃபீலா ராத்தா எவ்வளவு கெஞ்சினாலும் உட்காரமாட்டான். அப்படியே படுத்திருந்தால் புண் வரும், புண் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று சிலாபத்தில் வைத்தியர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். மரத்தூள் மடியில் கொட்ட, தலையணைகளில் சாய்ந்துகொண்டு செதுக்கினான். மீன் வடிவத்தில் ஒரு கார். ஆணிகளை நஸ்ஹா என்னிடம் கொண்டுவந்தாள். “சாச்சா, இத மினுக்கித் தாங்க,” என்றாள். சின்ன வாப்பா என்ற முறையில் என்னைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள். பல்லுக்கு மெருகேற்றும் இயந்திரத்தில் வைத்து, என் வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் செய்து கொடுத்தேன். அந்தக் கார் மற்றவற்றைவிட ஒரு முழம் முன்னால் வந்தது.

நிலுக்சன் தம்பி ஒலிவாங்கியை நீட்டி, யார் செய்தது என்று கேட்டார். “எங்கட வாப்பா,” என்றாள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். வேனில் ஏறியதும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, “வாப்பாட வீட்டுக்கு விடுங்க, கெதியா,” என்றாள். விட்டேன். உள்ளே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் வேனுக்குள்ளேயே இருந்தேன்.

இதற்காக நான் கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் நன்மையைத்தான் யோசித்தேன். எழும்ப முடியாத ஒரு மனிதனைப் பிள்ளை இப்படிப் பற்றிப் பிடித்துக்கொண்டிருந்தால் நாளைக்கு அவள் கதி என்ன? அவன் நெடுநாள் இருக்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பிடி கொஞ்சம் கொஞ்சமாக இளக வேண்டும். அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருந்தவன் நான் மட்டும்தான்.

அடுத்த வருடமும் ஆணிகள், இந்த முறை காரோடு சேர்த்து, என்னிடம் வந்தன. அதே மாதிரி மினுக்கினேன். முன் ஆணியைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, பிழையான பக்கம் திருப்பி இறுக்கினேன். கார் பின்னால் வந்தவற்றோடு வந்தது. நஸ்ஹா அழவில்லை. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஜாத் காரை வாங்கி, கட்டிலில் பலகையைச் சாய்த்து வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். வயதில் மூத்தவன் என்று அண்ணன் முறை வைத்து என்னை ‘நானா’ என்பான்.

“ஒரு பக்கம் இழுக்கிது நானா. உங்கட ஆணி பிழைக்காது. ஆணிக்கு ஓட்டை போட்டது நான்தானே. என்ட கை நடுங்கினதோ தெரியா.”

நான் அவன் கைகளைப் பார்த்தேன். அவை நடுங்கவில்லை.

“இருக்கலாம்,” என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று ஹஃபீலா ராத்தா சொன்னார். நஸ்ஹா வெள்ளிக்கிழமைகளில் படிப்பு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். நான் வற்புறுத்தவில்லை. பின்னேரங்களில் என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு நான் வேலை செய்வதைப் பார்ப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருப்பேன், அல்லாஹ் அறிவான். ஆனால் நஜாத் விடவில்லை.

மூன்றாம் வருடம் எனக்குச் சொல்லியனுப்பினான். “நானா, இந்த முறை ஆணியும் நானே செய்றன். எப்பிடியெண்டு மட்டும் செல்லித் தாங்க. என்ட கை கேக்குதா இல்லையா எண்டு எனக்குத் தெரியணும்.”

போய்ச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. வளைப்பது எப்படி, திருப்புவது எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் இயந்திரம் இல்லை. துணியில் கரித் தூளைத் தோய்த்துக் கையாலேயே தேய்த்தான். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். படுத்தே கிடந்ததில் வந்திருந்த முதுகுப் புண்கூட ஆறி வந்தது. நஸ்ஹாவும் மறுபடி போகத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்தால் வாப்பாவின் கதைதான். முடித்த ஆணிகளை எனக்குக் காட்டினான். வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் இயந்திரத்தால் அந்த மெருகு வராது.

ஓட்டத்தைப் பார்க்கத் தானும் வரவேண்டும் என்றான். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவன். நான் தூக்கி வேனில் இருத்தினேன். கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குத்தான் நானா கஷ்டம்,” என்றான். விடுதி வாசலில் இறக்கிக் கதிரையில் உட்கார வைத்தோம். நஸ்ஹா அவனுக்குத் தொப்பி கொண்டுவர ஓடினாள். காரைப் பதிவு மேசையில் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதை எடுக்க வேனுக்குப் போனேன். குறடு வேனில் எப்போதும் கிடக்கும்.

நஜாத் பசை வைத்து முன் ஆணியை இறுக்கியிருந்தான். குறட்டால் பிடித்துக் கொஞ்சம் பலமாகத்தான் திருப்ப வேண்டியிருந்தது. நீங்கள் கேட்கக்கூடும், அந்த நேரம் மனதில் என்ன இருந்தது என்று. ஒன்றுமில்லை. என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. வேண்டாமென்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

கார் கடைசியாக வந்தது. பாதி வழியில் நடுக்கட்டையில் முட்டி நின்றேவிடும் போலிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிள்ளைகள்தானே. நஸ்ஹா தன் வாப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். அதற்கு முன் அவள் தானாக என் கையைப் பிடித்ததில்லை. “சாச்சா செஞ்சிருந்தா வெண்டிருக்கும்,” என்றாள். மெல்லச் சொல்ல வேண்டுமென்ற யோசனை அவளுக்கு வரவில்லை. நஜாத்துக்குக் கேட்டது.

அன்றைக்குப் பிறகு நஸ்ஹா அங்கே போகவில்லை, அவனும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஹஃபீலா ராத்தா புரட்டிவிட்டால் மறுபடி அதே பக்கம் திரும்பிவிடுவான். புண் திறந்தது, பிறகு காய்ச்சல் வந்தது. நான்தான் சிலாபத்துக்குக் கொண்டுபோனேன். முதுகில் தூக்கியபோது பாரமே இல்லை. அங்கே அவனுடைய கட்டிலருகில் இருந்தபோது சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். “நஜாத், ஒரு விஷயம்,” என்று தொடங்கினேன். அவன் என் கையைத் தட்டித் தட்டி, “தெரியும் நானா. புள்ளயப் பாத்துக்கொள்ளுங்க. உங்களப் போல ஒரு மனிசன் கிடைச்சது அவட அதிர்ஷ்டம்,” என்றான். ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன் மௌத்தானான். அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தூக்கியதில் என் தோளும் இருந்தது.

இந்த வருடம் நஸ்ஹாவின் காரை முழுவதும் நானே செய்தேன். வென்றோம். அவள் சிரித்தாள், ஆனால் ஒலிவாங்கியில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஹஃபீலா ராத்தாவின் வீட்டிலிருந்து வாப்பாவின் கடைசிக் காரை எடுத்து வந்து, இரண்டையும் கூடத்தில் பலகை வைத்து உருட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு அதன் முன் சில்லை ஆணியோடு கழற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“சாச்சா, இந்த ஆணில யார் குறடு போட்ட?”

நஜாத் அவ்வளவு மெருகேற்றியிருந்ததால், தலைக்குப் பக்கத்தில் குறட்டின் பல் பதிந்தது பளிச்சென்று தெரிந்தது. வேறு ஆணியாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

“வாப்பாவா இரிக்கும்,” என்றேன்.

“இல்ல. கீறல் விழும் எண்டு வாப்பா துணி சுத்தித்தான் அடிச்ச. நான் பக்கத்தில இருந்த.” ஆணியை விரலால் தடவினாள். “நான் வாப்பாட மொகத்தக் கூடப் பாக்கல்ல, சாச்சா. கடைசி வரைக்கும் பாக்கல்ல.”

அவள் உள்ளே போய் உம்மாவிடம் ஆணியைக் கொடுத்தாள். மர்ளியா வந்து கேட்டது ஒரே கேள்வி.

“உட்காந்தாத்தான் அவர் உசிரோட இரிப்பார் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்,” என்றேன். அவளிடம் நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஓம், நான்தான் திருப்பினேன். இரண்டு வருடமும் நான்தான். அவன் உட்காராமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் திருப்பினேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் பிரிவுக்கு என்னைச் சம்மதிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் இப்போது ஹஃபீலா ராத்தாவின் வீட்டில் இருக்கிறார்கள். நான் வாசலுக்குப் போனால் நஸ்ஹா கதவைச் சாத்திக்கொள்கிறாள், சாப்பிடுவதும் இல்லை என்கிறார்கள். நீங்கள் நல்லபடியாகப் பேசி அவளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். வாப்பா இல்லாத பிள்ளை. அதை இப்படித் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.