வலிச்சா இடது கையைத் தூக்குங்க

வலது கை இல்ல சார், இடது கை. வலது கையைத் தூக்கினா என் தட்டுல இடிக்கும், பல்லு சுரண்டற கொக்கியெல்லாம் சிதறும், அப்புறம் ரெண்டு பேரும் குனிஞ்சு பொறுக்கணும். வலிச்சா இடது கை. ஏதாவது கேக்கணும்னாலும் இடது கைதான். ஆனா நான் பேச்சை நிறுத்தறதுக்குள்ள கேள்வி உங்களுக்கே மறந்துரும். நல்லா ஆ... இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இனிமே நாப்பது நிமிஷம் நான் பேசுவேன், நீங்க கேப்பீங்க. இந்த ஊர்ல நான் பேசறதைக் குறுக்க பேசாம கேட்டவங்க எல்லாம் இந்த நாற்காலியில படுத்தவங்கதான்.

மீசை நல்லா இருக்கு. மார்ச் மாசம் வந்தா விமானப்படை ஆம்பளைங்க எல்லாரும் போட்டி போட்டு வளப்பீங்களே, அதானே? எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? வாசல் மேசையில இருக்கற லூவேன்கிட்ட ஒரு படிவத்தை நீட்டினீங்களே. ரிசர்வ்ல, பகுதி நேரப் படையில, இருக்கறவங்க வருஷத்துக்கு ஒருக்கா வெளி டாக்டர்கிட்ட பல்லைக் காட்டி கையெழுத்து வாங்கிட்டுப் போற படிவம். வியாழக்கிழமை ஜெர்மனிக்கு விமானத்துல சரக்கு கொண்டு போறேன், செவ்வாக்கிழமைதான் திரும்புவேன், இன்னிக்கே வேணும்னு அவ கழுத்துல கத்தி வெச்சீங்களாம். ராணுவம் வந்துருக்கு, சட்டுபுட்டுனு முடிடின்னு என்கிட்ட வந்து சொன்னா. சட்டுபுட்டுனு எப்படி முடியும்? கீழ்ப்பல்லு பின்பக்கம் காரை மலை மாதிரி இருக்கு. காப்பி ஜாஸ்தியோ?

நானும் உங்க ரூட்டுலதான் வந்துக்கிட்டு இருக்கேன் சார். ஆறு வருஷமா. நிஜமாத்தான். பகுதி நேர ராணுவ விமானி ஆகணும்னு. பல்லு சுரண்டறவளுக்கு விமானம் எதுக்குன்னு உங்க புருவம் கேக்குது. எங்கம்மாவும் இதே புருவத்தோடதான் கேட்டாங்க.

எல்லாம் இந்த நாற்காலியில ஆரம்பிச்சதுதான். சோளக்காட்டுக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டற ஒருத்தர் வந்தாரு, எல்ட்ரெட்னு பேரு. அவர்கிட்ட ரெண்டு பேர் உக்கார்ற பழைய விமானம் ஒண்ணும் இருந்துது. வாய் மரத்துப் போய்க் கிடந்தாரா, சும்மா இருக்க மாட்டாம, என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களான்னு கேட்டேன். முடியாதுன்னு சொல்ல நாக்கு வரல அவருக்கு. தலையை ஆட்டிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை மேல போனோம். இறங்கினப்ப நான் பேசவே இல்ல சார். வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. உடம்புக்கு என்னன்னு எங்கம்மா நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க.

தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. ஆங்.

அப்ப எனக்கு இருபத்தாறு. உங்க படைக்கு ஃபோன் போட்டு, பைலட் ஆகணும், எங்க வரணும்னு கேட்டேன். மறுமுனையில இருந்தவர், நாலு வருஷப் பட்டம் இருக்காம்மான்னாரு. நான் படிச்சது ரெண்டு வருஷம். சரின்னு இன்னும் ரெண்டு வருஷம் படிச்சேன். படிச்சிட்டுப் போனா, சொந்தமா விமானம் ஓட்டி லைசென்ஸ் வாங்கிட்டு வந்தா நல்லதுன்னாங்க. சனிக்கிழமை சனிக்கிழமையா எல்ட்ரெட் உயிரை எடுத்து வாங்கினேன். அப்புறம் பரீட்சை. விமானப் படம் ஒண்ணு போட்டு, இது எந்தத் திசைக்குப் போகுது, வலது இறக்கை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு கேப்பாங்களே, அதேதான். முதல் தடவை என் விமானம் எல்லாமே பூமிக்குள்ள போயிருச்சு. மறுபடி எழுத அஞ்சு மாசம் காத்திருந்தேன். அப்புறம் நாலு பேர் நல்ல விதமா எழுதின கடிதம். எல்ட்ரெட் எழுதினாரு பாருங்க, இவள் பேசிக்கொண்டே ஓட்டுவாள், ஆனால் ஓட்டுவாள்னு. ஒரே வரி. அதை எதுல சேக்கறது?

இதெல்லாம் முடிஞ்சாத்தான் உள்ள வர விண்ணப்பமே போட முடியும்! பொண்ணு பாக்கற மாதிரிதானே சார் உங்க ஏற்பாடு? ஊருக்கு ஒரு படை. அவங்க பயிற்சிக்குக் கூடற சனி ஞாயிறு பாத்து நாமளே தேடிட்டுப் போகணும், முகத்தைக் காட்டணும், சிரிக்கணும், அவங்களுக்குப் பிடிக்கணும். பலகாரத்தையும் பொண்ணே தூக்கிட்டுப் போகணும். சிலர் சாராய பாட்டில் கொண்டு போவாங்க. நான் எங்க வீட்டு கொலாச்சி. நடுவுல கொடிமுந்திரிப் பழத்தை அரைச்சு வெச்சு எங்கம்மா சுடற பன்னு. முப்பத்தியொரு படைக்குப் போட்டேன். பன்னெண்டு ஊருக்கு நேர்ல போனேன். நேர்காணல் வரைக்கும் போய் முடிஞ்சது ரெண்டே ரெண்டு.

முதல் இடத்துல, எல்லாம் சரி, பேச்சுதான் கொஞ்சம் அதிகம்னாங்க. விமானத்துல ஒம்பது மணி நேரம் ஒரே அறைக்குள்ள பக்கத்துல உக்காரணுமாம், யோசனையா இருக்காம். அடுத்த இடத்துல உதட்டைத் தச்சுக்கிட்டுப் போனேன். கேட்டதுக்கு மட்டும் பதில். நல்ல பொண்ணு, ஆனா வாயே திறக்க மாட்டேங்குதுன்னு அனுப்பிட்டாங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா சார். எனக்குத் திறந்தாலும் வினை, மூடினாலும் வினை.

இருங்க... அசையாதீங்க.

இந்தக் கடைசிப் பல்லு, வலது மேல. முன்னாடி எப்பவோ அடைச்சிருக்காங்க, இல்லையா? இங்க தட்டினா எப்படி இருக்கு? ஒண்ணுமில்லையா? கை தூக்கல, ஆனா உங்க கால் கட்டைவிரல் பூட்ஸுக்குள்ள எழும்பினதைப் பாத்தேன். சரி, விடுங்க. எழுதிக்கறேன். டாக்டர் ஓப்டால் வந்து அவரே பாக்கட்டும். நீங்க ஆ...

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆமா, மணிக்கதை. அதைச் சொல்லலையே நான்.

நான் முதமுதல்ல முகம் காட்டப் போனது இந்த ஊர்ப் படைக்குத்தான். மூணு வருஷம் முன்னாடி, ஏப்ரல்ல. காத்து அடிச்ச அடியில தலைமுடி நாலா பக்கமும் நிக்குதுன்னு எல்ட்ரெட் குடுத்த தொப்பியை இழுத்து மாட்டிக்கிட்டேன். ரெண்டு கையிலயும் கொலாச்சிப் பெட்டி. வாசல்ல நின்னவர், எல்லாரும் பார்ல இருக்காங்க, உள்ள போம்மான்னாரு. போனேன். ஒரு அடிதான் வெச்சிருப்பேன், டாண் டாண்னு மணி! யாரோ ஒரு மகராசன் கயித்தைப் பிடிச்சு இழுக்கறாரு. மொத்தக் கூட்டமும் ஓன்னு கத்துது.

உங்களுக்குத் தெரியும், தொப்பியோட பார்ல நுழைஞ்சா மணி அடிப்பாங்க, நுழைஞ்ச ஆள் எல்லாருக்கும் குடிக்க வாங்கித் தரணும். ராணுவத்துல பிறந்து வளந்தவங்களுக்குத் தெரியும். பல்லு சுரண்டறவளுக்கு எப்படி சார் தெரியும்? எங்க ஆஸ்பத்திரியில மணி அடிச்சா ஒரே அர்த்தம்தான். தீ. ஓடு. நான் ஓடினேன்.

சிரிக்காதீங்க, கொக்கி ஈறுல குத்தும்.

ஓடினேன் சார், பெட்டியைக் கீழ போடாம. தீப்பிடிச்சா எல்லாரும் ஒரு இடத்துல கூடணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்களே, அதனால கார் நிறுத்தற இடத்துல கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல போய் நின்னேன். நிக்கறேன், நிக்கறேன், ஒருத்தரும் வெளிய வரல. ஐயோ, நாப்பது பேரும் உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு தீயணைப்புக்கே ஃபோன் போடப் போயிட்டேன். நம்பர்ல ரெண்டு எண் அழுத்தியாச்சு. அப்ப அந்த மகராசன், மணி அடிச்சவரே, வெளிய வந்தாரு. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ கண்ணுத் தண்ணி வழிய அப்படி ஒரு சிரிப்பு. சிரிச்சு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு. பெட்டியிலேருந்து ஒரு கொலாச்சியை எடுத்துத் தின்னாரு. இன்னொண்ணும் தின்னாரு. அப்புறம் சொன்னாரு, நெருப்புன்னு நினைச்சும் பலகாரத்தைக் காப்பாத்தியிருக்கியே, அடுத்த தடவை தொப்பி இல்லாம வான்னு.

அவ்வளவுதான் சொன்னாரு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூணு வருஷமா தொங்கறேன். மத்த பதினோரு ஊர்லயும், பாக்கலாம், சொல்லி அனுப்பறோம்னுதான் சொன்னாங்க. வான்னு சொன்னது அவர் ஒருத்தர்தான். மறுபடி ரெண்டு தடவை வந்தேன், தொப்பி இல்லாம. ரெண்டு தடவையும் அவர் பறக்கப் போயிருந்தாரு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. எனக்கு மணியோசையோட சரி, யானையைக் காணவே காணோம்.

கொப்பளிங்க. துப்புங்க. மறுபடி சாஞ்சுக்கோங்க, பேச வேண்டாம், இன்னும் மெருகு போடணும். ஆ.

இதுக்கு நடுவுல வயசு. முப்பத்திமூணாவது பிறந்தநாளுக்குள்ள தேர்வாயிருக்கணும். எனக்கு ஜூன்ல வருது. உள்ள எடுத்தாலும் உடனே விமானத்தையா கையில குடுக்கறாங்க? ஒஹையோவுக்குக் கூட்டிட்டுப் போய் கண்ணு, காது, இதயம், உக்காந்தா எவ்வளவு உயரம்னு அளப்பாங்க. நான் குள்ளம், அதனால தினமும் இந்த நாற்காலியில உக்காந்து முதுகை நிமித்திப் பழகறேன், லூவேன் டேப் வெச்சு அளப்பா. காலையில அளந்தா கால் அங்குலம் ஜாஸ்தி. அப்புறம் அதிகாரிப் பள்ளிக்கூடம், ஒரு வருஷத்துக்கு மேல பறக்கப் பயிற்சி, உயிர் பிழைக்கப் பழக்கறோம்னு காட்டுல கொண்டு போய்ப் பட்டினி போடறது, கடைசியா உங்க பெரிய விமானம். இன்னும் மூணு வருஷம். அதுக்கப்புறமும் மாசத்துல பாதி நாள் நான் இங்க பல்லுதான் சுரண்டுவேன். எல்லாத்தையும் சந்தோஷமா செய்வேன் சார். வர சனிக்கிழமை மட்டும் தாண்டிட்டா போதும்.

ஆமா, இந்த சனிக்கிழமை. இந்த ஊர்ப் படைதான். நேர்காணலுக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்துருக்கு. எட்டு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்களாம். ஏழு பேருக்கு நான் வெறும் காகிதம். எனக்குப் பயமா இருக்கு சார். வெளிய சொன்னதில்ல. வாய்தான் காது வரைக்கும் போகுது. இது போச்சுன்னா அவ்வளவுதான், அதுக்கப்புறம் டிக்கெட் வாங்கித்தான் விமானத்துல ஏறணும்.

முடிஞ்சுது. இந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளிக்கறேன். நானும் மாஸ்க்கைக் கழட்டிக்கறேன், மூச்சு முட்டுது.

முகம் எனக்குச் சரியா நிக்காது சார். மணி அடிச்ச அந்த மகராசனுக்கு அன்னிக்கு மீசை கிடையாது, கறுப்புக் கண்ணாடி வேற. ஆனா ஒருத்தர் வாயைப் பொளந்து ஒரு நிமிஷம் என் மூஞ்சிக்கு நேரா சிரிச்சா, அந்தப் பல்லை நான் மறக்க மாட்டேன். மேல வரிசை, இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது. ஓரத்துல அரிசி முனை மாதிரி ஒரு சில்லு உடைஞ்சிருக்கும். இன்னிக்கு நீங்க வாயைத் திறந்தவுடனேயே பாத்துட்டேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து படுத்திருக்கு.

அப்புறம்தான் படிவத்தை எடுத்துப் பேரை வாசிச்சேன். லெஃப்டினன்ட் கர்னல் பெண்டர்கிராஸ். நேர்காணலுக்குக் கூப்பிட்ட என் லெட்டர்ல கடைசியில கையெழுத்து போட்டிருக்கற அதே பேரு.

தப்பா நினைக்காதீங்க, சிபாரிசு கேக்கல. வாயில கொக்கி இருக்கறவர்கிட்ட சிபாரிசு கேக்கறது நியாயமும் இல்ல. வேற ஒண்ணு சொல்லணும். அந்தக் கடைசிப் பல்லு, பழைய அடைப்புக்குக் கீழ விரிசல் விட்டிருக்கு. ஆரம்பத்துல எடுத்த எக்ஸ்ரேயிலயும் தெரியுது. மேல போனா அழுத்தம் குறையும், உள்ள மாட்டின காத்து விரியும், கடலுக்கு நடுவுல வலி தாங்காம உங்களுக்குக் கண்ணு இருட்டும். பக்கத்துல இருக்கறவங்க உயிரும் உங்க கையில இருக்கு. எழுதினா கோவிச்சுக்குவாரே, சனிக்கிழமை நினைச்சாவது சும்மா இருடின்னு ஒரு புத்தி சொல்லுச்சு. எழுதிட்டேன் சார். சிவப்புப் பேனாவுல. டாக்டர் வந்து பாப்பாரு, அவரும் அதையேதான் சொல்லுவாரு, இன்னிக்குக் கையெழுத்து போட மாட்டாரு. பத்து நாளைக்குப் பறக்க முடியாது.

ஜெர்மனிக்கு வேற யாராவது போவாங்க. நீங்க சனிக்கிழமை இந்த ஊர்லதான் இருப்பீங்க. ஆமா, கேள்வி கேக்கற அந்த எட்டுப் பேர் மேசையிலதான். எழுதி முடிச்சப்புறம்தான் எனக்கு அது உறைச்சுது, சத்தியமா. உறைச்சப்ப சிரிப்பு வந்துருச்சு, அதான் ரெண்டு நிமிஷம் மெருகு ஜாஸ்தியா போட்டேன்.

சனிக்கிழமைப் பட்டியல்ல ஆறாவது பேரு நான். மாவிஸ் ஹ்ருஷ்கா. கொலாச்சி கொண்டு வருவேன், உங்களுக்கு மெத்துனு ஆறு தனியா. இடது பக்கமா வெச்சு மெல்லுங்க.

என்ன சார், இப்பப் போய் இடது கையைத் தூக்கறீங்க? வலிக்குதா, இல்ல ஞாபகம் வந்துருச்சா?

டாக்டர் வராரு. இப்ப வாயை மூடிக்கலாம்.