நாடகத்தில் இல்லாத ஐந்தாவது காதல்

பள்ளிக்கூட நாடகத்தில் பெரிய தொல்லை ஒட்டுமீசைதான். மஸ்கெலியா மலை ஈரத்துக்குப் பசை பிடிக்காது. காதல் வசனம் பேசும்போது மீசை உதட்டில் வந்து தொங்கும். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆரம்பம் இதுதான்.

1997ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பரிசளிப்பு விழாவுக்காகப் பழைய ஆங்கில இன்பியல் நாடகமொன்றைத் தமிழாக்கினேன். அதில் நான்கு வகைக் காதல். கண்டதும் வருவது, சீதனத்தைப் பார்த்து வருவது, கண்ணாடி முன்னால் நின்று தன்மேலேயே வருவது, கடைசியாக வாய் திறக்காமல் காத்திருக்கும் ஒரு பெண்ணின் காதல். என்னுடையது இந்த நான்கிலும் சேராது. மூலத்தை எழுதியவருக்கு அவ்வளவு உயர்ந்த அன்பு தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெண்ணாக நடித்தவள் ஜீவராணி டீச்சர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்த பள்ளிக்கே ஆசிரியையாக வந்தவள். அவளுக்கு இருபத்துநான்கு, எனக்கு நாற்பத்தொன்று. அவளைப் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவேன். என் கண்ணியத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

காதலன் வேடம் எனக்கென்றே எழுதியது. அந்த நேரம் பார்த்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த நிரோஷன் லீவில் வந்தான். ஜீவராணிக்கு அவனைப் பேசி வைத்திருந்தார்களாம்.

“சார், அவரு காதலனா நடிக்கட்டுமே,” என்றாள். “நீங்க அந்தக் கண்ணாடிக்காரரா வந்தீங்கன்னா சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.”

சிரித்தது. தோட்டமே சிரித்தது. எனக்கு வருத்தமில்லை, நாடகம் வெற்றி.

மறுவாரம் ஹட்டனுக்குப் போய் பொலிஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். நிரோஷனுக்கு வடக்கோடு தொடர்பு, கொழும்பில் குண்டு வைக்க ஆள் சேர்க்கிறான் என்று நல்ல சிங்களத்தில் எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் அவ்வளவு போதும். வடக்கோடு தொடர்பு உள்ள ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் நான்தான். ஆனால் முதலில் எழுதத் தோன்றியதும் எனக்குத்தானே. நான்காம் நாள் அவனைக் கொழும்புக் கடையில் வைத்தே பிடித்தார்கள்.

தண்டிப்பது என் நோக்கமல்ல. ஜீவராணிக்கு ஆறுதலாக யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது.

அவள் என்னிடமே வந்து அழுதாள். “ஒங்கள விட்டா எனக்கு யாரு சார் எழுதிக் குடுப்பா?”

“அழாதை பிள்ளை. நான் எழுதித் தாறன். தபாலிலயும் நானே போடுறன்.”

ஐந்து வருடம், அவனை விடச் சொல்லி மாதம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொன்றையும் கல்லும் கரையும்படி எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கையெழுத்திடுவாள். எல்லாவற்றையும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். நேற்று உங்கள் ஆட்கள் எடுத்துப் போனார்கள். வாசித்துப் பாருங்கள், ஓர் எழுத்துப்பிழை இராது.

யுத்தநிறுத்தம் வந்த பிறகு நிரோஷனை விட்டார்கள். இடது காது கேட்காது. விரல்கள் மடங்காது. அவன் பேரில் ஒரு விண்ணப்பமும் எங்கும் வந்து சேரவில்லை, கோப்பில் இருந்தது ஒரு மொட்டைக் கடிதம் மட்டும்தான் என்று அவனுடைய சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். ஜீவராணி நேரே என் அறை வாசலுக்கு வந்தாள்.

“ஒண்ணாவது போட்டீங்களா சார்?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப, அவரப் புடிச்சுக் குடுத்த கடுதாசி?”

“அதை மட்டும் போட்டனான்.”

என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் நிழல் விழுகிற பக்கம்கூட அவள் வருவதில்லை. நீங்களே சொல்லுங்கள், ஐயா. மனதில் ஓர் உரிமை இல்லாத ஆள்மேல் ஒரு பெண் இவ்வளவு கோபப்படுவாளா?