நெடும்பாறை ஓடைப் பாலத்துக்கு நிதி வந்த கதை

இந்த அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஐயா சேனாதிபதி அவர்களே! கவுஞ்சியிலிருந்தும் வில்பட்டியிலிருந்தும் காய்கறி லாரியேறி வந்திறங்கிய உழவர் பெருமக்களே! இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து இந்த மலையைத் தாயகமாக்கிக்கொண்ட உறவுகளே! பஞ்சுத் துகள் இன்னும் கூந்தலில் ஒட்டியிருக்க, நூற்பாலையிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ரயில் பயணிகள் சங்கச் செயலாளன் கந்தவேலின் தலைதாழ்ந்த வணக்கம்.

நெடும்பாறை ஓடைக்குப் புதிய ரயில் பாலம் வருகிறது. அரசு நிதி ஒதுக்கிவிட்டது. மேளம் முழங்கியது, மாலை விழுந்தது, மத்தாப்பு சிதறியது. மகிழ்ந்து பேசத்தான் இந்த மேடை ஏறினேன். ஆனால் நெஞ்சு கனக்கிறதே, என் செய்வேன்?

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் ஐப்பசி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். பழைய பாலத்தின் தூண் ஒன்று சாய்ந்தது. அன்று முதல் நம் காலை ரயில் இக்கரையிலேயே நின்றது. அக்கரையில் வேறொரு ரயில் நிற்கும். இடையே நாம் ஓடைக்குள் இறங்கி, மணலில் நடந்து, மேடேறி அதைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. பேருந்தில் சுற்றிப் போனால், கட்டணமே பாதிக் கூலியைத் தின்றுவிடும்.

பாலம் கேட்டோம். நிதி வரட்டும் என்றார்கள். நிதி கேட்டோம். கோப்பு நகரட்டும் என்றார்கள். கோப்பு நகரவில்லை, குடும்பங்கள்தாம் ஊரைவிட்டு நகர்ந்தன!

அப்போதுதான் ரயில்வே அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்; நாற்காலி போட்டு அமர்ந்து பொறுமையாகவே பேசினார். இந்த வழியில் பயணிகள் குறைந்துவிட்டார்கள், ஆளில்லாத வழிக்கு நிதி கேட்டால் மேலிடம் கையெழுத்திடாது என்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். அக்கரை நூற்பாலையில் வேலை பார்த்த வடிவு.

"பாலம் ஒடைஞ்சு கெடக்கு, அதாங்க ஆள் வரல. வழிய அடைச்சுப்போட்டு வாறவங்கள எண்ணுனா எப்பிடிங்க?"

அதிகாரி தலைகுனிந்தார். அடுத்த மாதம் ஒரு வாரம் மறுபடி எண்ணச் சொல்கிறேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொல்லிப் போனார்.

அந்த ஒரு வாரத்தை வடிவு விடவில்லை. மலையேறினார். வீடு வீடாகப் போய், ரயிலேற வாருங்கள் என்று கும்பிட்டார். நமக்கென்ன என்று கவுஞ்சியில் சிலர் கேட்டார்கள். உங்கள் உருளைக்கிழங்கும் பூண்டும் சந்தைக்குப் போகும் வழி அல்லவா என்று எடுத்துச் சொன்னார். தோட்டத்து மக்களிடம் வந்தபோது, பெரியவர் அழகையா அவரை மேலே பேசவிடவில்லை.

"கப்பலேறி ரயிலேறி வந்த ஆளுங்கதானே நாங்க. ஒரு கெழமைக்கு ஏற மாட்டமா?"

ஏறினார்கள் ஐயா, ஏறினார்கள்! மலை இறங்கி வந்து ஏறினார்கள். மழலையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். போக வேலை இல்லாதவர்களும் சீட்டு வாங்கி ஏறினார்கள். எண்ண வந்தவர்கள் நெரிசலில் கால் வைக்க இடமின்றிப் படியில் நின்று எண்ணினார்கள். ஓடை மணலில் திருவிழாக் கூட்டம் நடந்தது. முன்னே நடந்தவர் வடிவு. அந்தக் கணக்கைக் கண்டுதான் கோப்பு நகரத் தொடங்கியது.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தகும். அதோ, பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், அந்த வடிவு எங்கே, மேடையில் காணோமே என்று. அம்மா, அதைச் சொல்லத்தான் நானும் தயங்கித் தயங்கி வருகிறேன்.

அந்த வாரம் அவருக்கு ஆலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைக்காமலே எடுத்தார். திரும்பிப் போனபோது வேலை இல்லை என்றார்கள். சங்கம் போய்ப் பேசியது, ஆலை இரங்கவில்லை. நிதி வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தார். ஒரு மழை போயிற்று, மறு மழையும் போயிற்று. கணவர் தங்கமுத்துவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனார், பனியன் கம்பெனி வேலைக்கு. அதன் பிறகுதான் ஐயா, நிதி வந்தது!

சென்ற வாரம் அழைப்பிதழோடு திருப்பூரில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். இரு கையாலும் வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. கட்டாயம் வர வேண்டும், முதல் மாலை உங்களுக்குத்தான் என்றேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சந்தோசமுங்க அண்ணே. ஆனா நான் வரல. வந்து பாத்தா, ஊர்லயே இருந்திருக்கலாமேன்னு தோணிரும். அது வேணாங்க."

காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

பாலத்துக்குப் பணம் தந்த அரசே, நன்றி மறவோம்! ஆனால் இந்தத் தடத்தில் இன்னும் எத்தனை பாலங்கள் துருவேறி நிற்கின்றன! அவற்றுக்கும் தூண் சாயும்வரை காத்திருப்பீர்களா? மக்கள் போன பிறகு எண்ண வருவீர்களா? இரும்பு போனால் வேறு இரும்பு வாங்கலாம். வேரோடு போன குடும்பத்தை எந்த நிதியில் வாங்குவீர்கள்? கேட்கிறோம், கெஞ்சவில்லை: மக்கள் ஊரில் இருக்கும்போதே பாலத்தைச் செப்பனிடுங்கள்!

இவ்வளவு நேரம் கடும் பனியில் அமர்ந்து என் மனச்சுமையில் பங்குகொண்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.