பெட்டிக்காரன் மூட்டிய புகை

காப்பி ஆறினால் பரவாயில்லை ஷெரிஃப் ஐயா, வையுங்கள். களஞ்சியம் எரிந்த வருஷத்தோடு என் மூக்கு செத்துவிட்டது. சூடு தெரியும், மணம் தெரியாது.

என் மகள் புருஷன் எவரெட், கல்லூரியில் தேனீயின் உணர்கொம்பை அறுத்து அதில் கம்பி செருகிப் படித்தவன். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். "கொம்பு பூரா மயிர், மாமா. ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. வாசனைத் துகள் அதுக்குள்ள போயி, நரம்பு வாசல்ல சாவி மாதிரி உக்காரும். உடனே மூளைக்குத் தாக்கல் போயிரும்." கொட்டின கொடுக்கிலிருந்து ஒரு வாசனை கிளம்புமாம், அந்தச் சாவி உட்கார்ந்தால் மற்றதெல்லாம் அதே இடத்தில் வந்து கொட்டுமாம். புகை போட்டால் நரம்பு மழுங்கிவிடுமாம்.

படித்தவன் பேச்சை நான் நம்புவதில்லை. இதை நம்பினேன்.

போன வாரம் என் தேனீப் பெட்டிகளை மோந்து பார்த்தான். "உள்ள புழு அழுகுது மாமா. நாத்தம் குடலைப் புரட்டுது. அத்தனையும் எரிக்கணும், இல்லன்னா டகோட்டா பூரா பரவிடும்."

"அப்படியே உன் மாமனாரையும் சேத்து எரிச்சிடு, மாப்ளே."

"நீங்க ஈரக்கட்டை. எரியமாட்டீங்க."

அரசாங்கத்துக்குச் சோதனைக்கு அனுப்ப, பெட்டிக்குள்ளிருந்து அடையோடு ஒரு மரச்சட்டம் எடுத்துக்கொள்ள நேற்று வந்தான். அந்தப் பெட்டிகளை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

தேனீ வளர்க்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம். அடுத்தவன் கூட்டைத் திறக்க வந்தவன் தானே புகை மூட்டமாட்டான். பெட்டிக்காரன்தான் மூட்டித் தரவேண்டும். தந்தேன். துருத்தி வைத்த புகைக்குவளையில் மேலாகக் காய்ந்த சாக்கு, அடியில் ஈரச் சாக்கு. வலைச்சட்டையும் என்னுடையதுதான். அதன் கழுத்துப் பட்டையில் ஒரு பிடி தேனீயை நசுக்கித் தேய்த்திருந்தேன். வலையில் ஒரு கிழிசல் வேறு, தைக்கவில்லை.

முதல் பெட்டியைத் திறந்ததும், "மாமா, புகை வரல," என்றான்.

"நல்லா அமுக்கு, வரும்."

நான் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். கழுத்தில்தான் முதலில் மொய்த்தன. அவன் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. ஓடிவந்து கதவைத் தட்டினான். திறக்கவில்லை. திறந்தால் அவையும் உள்ளே வந்து நசுங்கிச் சாகும், பாவம்.

கொன்றேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நோய் என்று அவன் சொன்னது பொய். உங்கள் ஆட்கள் பெட்டிகள் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதும் நடிப்பு. ஒவ்வொரு பெட்டியாக நானே குனிந்து மோந்து பார்த்தேன் ஐயா. ஒரு நாற்றமும் இல்லை.