இரண்டாகப் பிளந்த தாவல்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியர் அம்மையாரின் கணவர் அவர்களே, வணக்கம்.

அம்மையாரைப் பற்றிப் பேச, அவரோடு காலமெல்லாம் சண்டை போட்டவனை அழைத்திருக்கிறீர்கள்! என் கூடத்துக்கும் அவர் கூடத்துக்கும் நடுவே ஒரு நடைவழிதான். அங்கே எங்கள் வாக்குவாதம் கேட்காத நாள் உண்டா? ‘சூறாவளி’ என்றுதானே அவரை அழைத்தோம்! தேநீரைக்கூட நின்றபடி பாதி குடித்து, மீதியை மறந்துவிட்டு ஓடுவார்.

எதற்காகச் சண்டை? ஓர் உலோகப் படிகத்தைக் கடுங்குளிரில் வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால், அதன் இயல்பே மாறும் ஒரு விளிம்பு வரும். குவாண்டம் மாறுநிலைப் புள்ளி என்போம். அதை நெருங்க நெருங்க, எலக்ட்ரான்கள் சேற்றில் நடப்பவை போலத் திணறும். புள்ளியைத் தாண்டியதும் அவற்றின் போக்கு சட்டென்று தாவும் என்றார் அவர். இல்லை, மெல்லத்தான் மாறும் என்றேன் நான்.

அவர் நோயில் விழுந்தபோது மருத்துவமனையில் பார்க்கப் போனேன். உடல்நலம் விசாரிக்கவே விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் தரும்படி கணவரிடம் சொன்னார். உள்ளே அரிசிக் குருணை அளவில் அந்தப் படிகம்!

“அண்ணா, இதை உங்க மெஷின்ல வச்சுப் பாருங்க. என்னோடதைவிட அது நல்லாக் குளிருமே. நான் தோத்தாலும் பரவால்ல. தெரியாமலே போறதுதான் தாங்க முடியல.”

தன் உழைப்பையெல்லாம் எதிராளி கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது.

அந்த வாரமே போய்விட்டார். நாங்கள் அளந்தோம். அவர் சொன்னபடியே தாவியது. தோற்றவன் நான்தான், இந்தச் சபையறியச் சொல்கிறேன். ஆனால் இன்னும் குளிர்வித்தபோது, அந்த ஒரு தாவல் இரண்டாகப் பிளந்தது! நடுவே எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன? எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நடைவழியைத் தாண்டி ஓடினேன். அவர் அறைக் கதவைத் தட்டக் கை ஓங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

சற்றுமுன் அவர் கணவர் கேட்டார், “அவ சொன்னது சரியா வந்துச்சா சார்?” வந்தது, ஆனால் வேலை முடியவில்லை என்றேன். “முடிஞ்சிருந்தா அவ வேற ஏதாவது கேள்வியைத் தேடிக் கிளம்பியிருப்பா” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நண்பர்களே! அவர் அமைதி கொள்ளட்டும் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. இனி இரு கூடங்களும் சேர்ந்தே அளக்கும். கட்டுரை வரும்போது அவர் பெயரே முதலில் நிற்கும். இது என் உறுதி. அவருடைய மாணவர்கள் வாசலில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். கூடத்தில் காந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது; எனக்கு விடை கொடுங்கள்.