பச்சை விளக்கு எரிந்தது

எந்த எலக்ட்ரானிக் போர்டு கைக்கு வந்தாலும் நான் முதலில் விரலால் தொட்டுப் பார்ப்பேன். மீட்டரை அப்புறம்தான் எடுப்பேன். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஓய்வு பெற்றபின் கேளம்பாக்கத்தில் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்தோம். சங்கச் செயலாளர் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. அறுபத்து நான்கு வீட்டுக் குறையும் இந்த தேசிகன் வீட்டு வாசலுக்குத்தான் வரும் என்பது அப்போது தெரியாது.

ஆபிரகாம் எங்கள் பிளம்பர், நெம்மேலிக்காரர். அடைப்பு என்றால் செப்டிக் டேங்கிலும் இறங்குவார். ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் மகள் சிநேகா இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். அப்பாவுக்காக ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தாள். சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு வாயு சென்சார், இரண்டு விளக்கு, ஒரு பஸர், அவ்வளவுதான். கயிற்றில் கட்டி டேங்குக்குள் விட்டால், விஷவாயு இருக்கும்போது சிவப்பு எரிந்து கத்தும். இல்லாவிட்டால் பச்சை. நல்ல வேலைப்பாடு. நானே பாராட்டியிருக்கிறேன்.

அந்த வாரம் மழை. டேங்க் நிரம்பி, கார் நிறுத்தும் இடம்வரை வழிந்தது. உறிஞ்சும் லாரி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். ஞாயிறு காலை கீழ்த்தள ஹாலில் என் மகள் அதிதிக்கு நிச்சயதார்த்தம். வியாழனும் வெள்ளியும் ஆபிரகாம் பெட்டியை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"பொட்டி கத்திகினே கீது சார். நான் எறங்கல. லாரி வரட்டும்."

வெள்ளி சாயங்காலம் சிநேகா பெட்டியோடு வந்தாள். மோட்டார் அறையில் யாரோ தவறான அடாப்டரைச் சொருகிவிட்டார்களாம்.

"லைட்டு எரியுது சார். ஆனா டவுட்டா கீது. பவர்ல அடி வாங்கியிருக்குமா? அப்பா இத்த நம்பித்தான் எறங்குறாரு."

பார்த்தேன். வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் மேல் சின்னதாக ஒரு கொப்புளம். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் 3.4 வந்தது. போர்டுக்கு அது போதும். புரோகிராம் ஓடும், பச்சை எரியும். சென்சாருக்குப் போதாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடானால்தான் அது வாயுவை உணரும். விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. இனி அந்தப் பெட்டி எதற்கும் கத்தாது.

புது ரெகுலேட்டர் என் மேஜை டிராயரில் இருந்தது. மாற்றக் கால் மணி நேரம் ஆகும்.

"பச்சை எரியறது பாரும்மா. எடுத்துண்டு போ," என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு நானும் டேங்க் பக்கத்தில் நின்றேன். ஆபிரகாம் பெட்டியை இறக்கினார். பச்சை. "இன்னிக்கு சும்மா கீது சார்," என்று சிரித்தார். சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான்காவது படியில் அவர் கை நழுவியது. தீயணைப்புக்காரர்கள் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர்களுக்கு போன் செய்தது நான்தான்.

நிச்சயதார்த்தத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

ஆபிரகாமை அடக்கம் செய்தபின் சிநேகா வந்தாள். பெட்டி அப்போது உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. லேப்டாப்பை என் மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

"நான் எழுதுனதுல எங்க சார் தப்பு? மூணு நாளா பாக்குறேன், தெரியல."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதோ ஒரு பதில் இல்லாமல் அவளால் தூங்க முடியாது என்று தோன்றியது. புரோகிராமை மேலிருந்து கீழ்வரை படித்தேன். தப்பே இல்லை. அளவு ஒப்பிடும் ஒரு வரியைக் காட்டி, "இதுதாம்மா," என்றேன். அந்த வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். என் மனைவி செங்கமலத்திடம் அவளுக்குக் காபி போட்டுத் தரச் சொன்னேன்.

உங்கள் ஆய்வகமும் 3.4 என்றே எழுதியிருக்கிறது என்றீர்கள். சரிதான். எனக்குத் தெரிந்தேதான் கொடுத்தேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்த வாக்குமூலத்தை அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டாம். தப்பு தன்னுடையது என்று நினைத்தால்தான் சார் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.