மக்ரோனிக்குப் பக்கத்தில்

பண்டிகை நாளில் மக்ரோனி சீஸுக்குப் பக்கத்தில் வைக்க எது எளிது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பீன்ஸ் என்று சொல்வேன். காம்பைக் கிள்ளி, புகைபோட்ட வான்கோழிக் கழுத்தில் ஒரு துண்டு போட்டு, பாத்திரத்தை மூடிவிட்டால் தானே வெந்துகொள்ளும். குறை சொல்ல ஆள் கிடையாது. பாராட்டவும் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஏற்ற பதார்த்தம்.

கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், மிஸ் ஹார்கிரோவ். அந்த மஞ்சள் கோப்பு மேசையிலேயே இருக்கட்டும், இப்போதுதான் துடைத்தேன். என் அக்கா ஒர்லீன் உங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து பதின்மூன்று மாதமாகிறது. மறதி நோய் என்று சேர்த்தோம். இந்த மாதத்தில் நீங்கள் இரண்டு முறை அவள் ஞாபகத்தைச் சோதித்தீர்கள், இரண்டு முறையும் முப்பதுக்கு முப்பது வாங்கிவிட்டாள் என்கிறீர்கள். நாற்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். மதிப்பெண் வாங்குவதில் அவளுக்கு எப்போதுமே தயக்கம் இருந்ததில்லை. கோப்பில் அவள் மறதியைப் பற்றி இருக்கும் ஆறு பக்கக் குறிப்பு என் கையெழுத்து. அந்த ஆறு பக்கமும் இந்த முப்பதும் ஒத்துப்போகவில்லை, நான் விளக்கிவிட்டால் புதன்கிழமையே அவளை அனுப்பிவிடலாம், வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு அவள் வீட்டில் இருப்பாள் என்கிறீர்கள். நியாயமான பேச்சு. விளக்குகிறேன். முப்பது வருடமாக இந்தக் குடும்பம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “டெஸ்ஸி, நீ என்ன கொண்டு வர்றே?” என்பதுதான். நீங்கள் வேறொன்று கேட்கிறீர்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது.

நீங்கள் ஒஹாயோப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிறப் பொடியைக் கொட்டிக் கிளறி அதையே மக்ரோனி சீஸ் என்பார்களாமே. கடவுள் மன்னிப்பார். இங்கே ஜார்ஜியாவில், எங்கள் கறுப்பின மக்களிடையே, அது அடுப்பில் வேகும் ஒரு பதவி. கட்டிச் சீஸைக் கையால் துருவி, முட்டையும் சுண்டவைத்த பாலும் சேர்த்து, மேலே பொன்னிறமாகும்வரை சுடவேண்டும். விருந்துக்கு வருகிறவர்கள் தட்டை எடுத்ததும், கரண்டியைத் தொடுவதற்கு முன்னால், “இது யாரு பண்ணது?” என்று கேட்பார்கள். சரியான பெயர் வந்தால் இரண்டு கரண்டி. தவறான பெயர் வந்தால் கரண்டி நாகரிகமாகப் பக்கத்துப் பாத்திரத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு குடும்பத்தில் ஒரு பெயர்தான். எங்கள் வீட்டில் அது ஒர்லீன். புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்கள் காகிதத் தட்டும் ஐஸ் கட்டியும் கொண்டுவரலாம். நம்பிக்கை வளர்ந்தால் பீன்ஸ், பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பிறகு கீரை. கீரையை மூன்று தண்ணீரில் மண் போகக் கழுவி இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும், அதனால் அது கொஞ்சம் உயர்ந்த சாதி. கிரான்பெரி சாஸ் என்றால் டப்பாவைக் கவிழ்க்க வேண்டியதுதான். டப்பாவின் வரிகளோடு அப்படியே நிற்கும். அதற்கும் பெயர் வாங்குகிறவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. மக்ரோனி மட்டும் யாருக்கும் தரப்படுவதில்லை. செய்கிறவள் சாகவேண்டும், அல்லது அதற்குச் சமமாக ஏதாவது ஆகவேண்டும்.

எனக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஈஸ்டர். அக்காவுக்குக் கை சுளுக்கு. நான் செய்தேன். ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, மொறுமொறுப்பாக இருக்கட்டும் என்று மேலே ரொட்டித்தூள் தூவினேன். அவ்வளவுதான் என் குற்றம். என் அண்ணன் ராஸ்கோ பாத்திரத்தின் மேல் குனிந்து பார்த்தான்.

“ஏன்டி, கூரை வேல நடக்குதா? மேல மரத்தூளு விழுந்து கெடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அவள் நல்லவள். கட்டுப்போட்ட கையால் என் தோளைத் தட்டி, “நீ பீன்ஸோடயே நில்லுடி. அதுல தப்புப் பண்ணினாலும் யாருக்கும் தெரியாது” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து சித்தப்பா பிள்ளைகள்வரை எனக்கு மரத்தூள் என்றுதான் பெயர். பத்தொன்பது வருடம். எங்கள் குடும்பத்துக்கு நல்ல ஞாபகசக்தி.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை உங்கள் கோப்பில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய நன்றி நாள். மக்ரோனி வேகும் தண்ணீரில் அக்கா உப்புப் போட்டது தெரியாமல் நானும் போட்டுவிட்டேன். உதவிதான் செய்தேன். விருந்தில் ராஸ்கோ ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடினான்.

“அக்கா, என் ரத்தக் கொதிப்பு இப்பவே பரலோகத்துக்கு ஏணி போடுதுக்கா. ரெண்டு தடவ உப்புப் போட்டியா?”

நான் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, “மறந்து போட்டுட்டேன் போல” என்றாள். அக்காவின் மகள் டாமிரா தன் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கே, வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாததுதான் காரணம்.

கிறிஸ்துமஸ் தற்செயல் அல்ல. அக்கா பாத்திரத்தில் எல்லாவற்றையும் கலந்து மேசைமேல் வைத்துவிட்டு, காலை ஆராதனையில் பாடப் போய்விடுவாள். கீரையைப் பார்த்துக்கொள்ள நான் இருப்பேன். இந்தச் சமையலறைதான். சுண்டவைத்த பாலும் சர்க்கரை சேர்த்த கெட்டிப் பாலும் ஒரே அளவு டப்பாவில் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; எங்கள் பெண்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது டப்பா மாற்றி எடுத்து அழுதிருக்கிறார்கள். நான் சர்க்கரைப் பால் அரை டப்பாவைப் பாத்திரத்தில் ஊற்றி மெதுவாகக் கலந்தேன். டப்பாவைக் குப்பைக் கூடையில் மேலாக, பெயர் தெரியும்படி வைத்தேன். டாமிரா சுத்தமான பெண், குப்பையை அவள்தான் கொட்டுவாள். அவள் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கொல்லைப்புறத்தில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சாப்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அன்று மக்ரோனியை யாரும் தொடாததால் என் பீன்ஸ் முழுவதும் காலியானது.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியை மாவு டப்பாவில் வைத்தேன். அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பை ஒருமுறை மறுபடி ஏற்றிவைத்தேன். பக்கத்திலேயே நின்றுகொண்டுதான், ஆபத்து ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவைத்தேன். யாராவது எழுதத்தானே வேண்டும். டாமிரா அட்லாண்டாவில் இருக்கிறாள், அவளுக்கு வேலை அதிகம். “நீங்க இருக்கறதாலதான் நான் தூங்கறேன் சித்தி” என்று தொலைபேசியில் சொல்லுவாள். பீன்ஸுக்குக்கூட யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த ஈஸ்டரில் அக்கா ஆராதனைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மக்ரோனி செய்யும்போது தன் கையை யாரும் பார்க்க விடமாட்டாள். அன்று என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

“டெஸ்ஸி, யாருகிட்டயும் சொல்லிடாதடி. எனக்கு என்னமோ ஆவுது. நீ என் கையவே பாத்துட்டு இரு. நான் என்ன போடறேன், என்ன போடலன்னு நீ சொல்லு. உன்னத்தான் நம்புறேன்.”

சரி என்றேன். தண்ணீர் கொதித்தது. அக்கா உள்ளங்கையில் உப்பை எடுத்து அளவு பார்த்துப் போட்டாள். முட்டை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“உப்புப் போட்டுட்டேன்ல?”

“இன்னும் போடலக்கா.”

மறுபடி போட்டாள். உப்பு டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

“இப்பப் போட்டேன். நீ பாத்தே.”

“எப்பக்கா?” என்றேன்.

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். அதன் நுனியில் தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் தன் நாக்கைவிட என்னை நம்பினாள். கரண்டியை என் மடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. “புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேனேடி, டெஸ்ஸி. பேரெல்லாம் ஞாபகம் இருக்கே” என்று மட்டும் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அக்கா தங்கை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

கோடையில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் கவலையில் அவளுக்குத் தூக்கமில்லை. என் ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்தேன், தூக்கம் வரும். அன்று காலையிலும் கொடுத்தேன். ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினாள். என் ஆறு பக்கத்தையும் மருத்துவர் படித்துவிட்டு, இவ்வளவு பொறுமையான குடும்பத்தை அபூர்வமாகத்தான் பார்ப்பதாகச் சொன்னார். அக்டோபரில் அவள் உங்களிடம் வந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்று நான் இங்கே குடிவந்தேன். ஆமாம், இது அவளுடைய மேசைதான்.

உங்கள் இல்லத்தில் அவள் தேறியதற்கு நீங்கள் மருந்தைப் பாராட்டுகிறீர்கள். மருந்து எதுவும் இல்லை, மிஸ் ஹார்கிரோவ். அங்கே நான் சமைப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மக்ரோனியை நான் செய்தேன். ரொட்டித்தூள் இல்லை. அக்கா மறந்துவிடாமல் இருக்க அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்த சீட்டுகளைப் பார்த்து, அவள் அளவு மாறாமல் செய்தேன். மேலே அந்தப் பொன்னிறம்கூட அப்படியே வந்தது. ராஸ்கோ தட்டோடு வந்து, “யாரு பண்ணது?” என்றான். “நான்” என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. “நல்லாருக்கும்டி” என்று சொல்லிவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டான். டாமிராவின் கணவன் மரியாதைக்கு ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அது அங்கேயே இருந்தது. கிளம்பும்போது அவன் என்னிடம், “பீன்ஸ்தான் சித்தி இன்னிக்கி ஹீரோ” என்றான். நான் பாத்திரத்தை முழுதாகத் திரும்ப எடுத்துவைத்தேன்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கா இல்லாத முதல் விருந்து, யாருக்குத் தொண்டையில் இறங்கும். துக்கத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. இந்த வருடம் மனம் ஆறியிருக்கும். இந்த வருடம்தான் அவர்கள் உண்மையில் என் மக்ரோனியைச் சாப்பிடப் போகிறார்கள். முப்பத்தொரு பேர் வருகிறார்கள். பீன்ஸைக்கூட டாமிராவிடம் கொடுத்துவிட்டேன். சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது, எளிதுதான்.

நான் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை என்பது இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். எழுபது வயதுக்குமேல் ஒருத்தி முப்பது பேருக்குச் சீஸ் துருவுவது தோளுக்கு நல்லதல்ல. யாராவது அந்தச் சுமையை இறக்கவேண்டியிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்றால், கேட்டுப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எழுந்து நின்று பேச வராதே.

எழுதிக்கொள்ளுங்கள். உப்பு விஷயத்தில் பொய் சொன்னது நான், பாலைக் கலந்தது நான், மாத்திரை கொடுத்தது நான், ஆறு பக்கமும் எழுதியது நான். ஒர்லீனுக்கு ஒரு நோயும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், தேதியை வெள்ளிக்கிழமை என்று போட்டுக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைப் பாத்திரம் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, கடைசி நேரத்தில் மாற்றினால் குழப்பம். ஒரு விருந்து முந்தினால் என்ன, பிந்தினால் என்ன, அக்காவுக்குத் தெரியவா போகிறது. பாவம், அவளுக்குத்தான் இப்போதெல்லாம் எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லையே.